திருகுகள்ளி பெயர் பெற்ற வரலாறு

வடலூர் என்னும் பெயரைக் கேட்டவுடன், 1867-ஆம் ஆண்டு வள்ளலார் இராமலிங்க அடிகள் அங்கே நிறுவிய தருமச்சாலையும், 1872-ஆம் ஆண்டு தைப்பூசத்தில் வழிபாடு தொடங்கிய சத்திய ஞானசபையும் நம் நினைவுக்கு வரும். அதனை அடுத்து, 1956-ஆம் ஆண்டு அமைக்கப்பெற்ற நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் நினைவுக்கு வரும். இவ்விரண்டையும் தாங்கி நிற்கும் நிலத்தைப் பற்றி நினைப்பவர் மிகச் சிலரே. அது செம்மண் நிலம். அதன் அடியில், நிலநூலார் 'கடலூர் மணற்கல்' என்று வழங்கும் பாறை கிடக்கிறது. அப்பாறை சிதைந்து உதிரும் இடங்களில், செம்மண்ணோடு கூழாங்கற்களும் வெள்ளை வெளேரென்ற வெங்கச்சங்கற்களும் கலந்து காணப்படும். இவ்வெங்கச்சங்கல்லையே அறிவியலார் குவார்ட்சு என்பர். கரூர், சேலம் முதலிய உள்மாவட்டங்களில் இக்கல் பாறையினூடே நரம்பு போல் ஓடி, குன்றுச் சரிவுகளில் வெண்பரப்பாகச் சிதறிக் கிடப்பதையும் காணலாம்.

நீர் நில்லாத இத்தகைய நிலத்தை நம் வருவாய்த் துறைப் பதிவேடுகள் 'தரிசு' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுகின்றன. ஆயினும் அங்கே ஒரு செடியினம் தழைத்து நிற்கிறது. அதுவே கள்ளி. சங்கப் புலவர்கள் பாலை வழியைப் பாடும்போதும், சுடுகாட்டைப் பாடும்போதும் கள்ளியை மறவாது பாடினர். உழவர் அதனை வேலியாக வைத்தனர். மருத்துவர் அதன் பாலை மருந்தாக்கினர். இவ்வாறு நம்முடன் ஈராயிரம் ஆண்டு வாழ்ந்த ஒரு செடி, உலகத் தாவர நூலில் 'புதிய இனம்' என்று எழுதப்பெற்றது எப்போது? எழுதியவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை தேடினால், சோழமண்டலக் கடற்கரையின் சுவையான வரலாறு ஒன்று வெளிப்படுகிறது.

கள்ளி என்பது ஒரு செடியின் பெயர் அன்று. ஒரு குடும்பத்தின் பெயர். சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி என்று நம் முன்னோர் அதனைப் பிரித்தனர். இப்பெயர்களை ஊன்றி நோக்குங்கள். 'கள்ளி' என்பது பொதுப்பெயர்; 'சதுர', 'இலை', 'திருகு' என்பன அடைமொழிகள். 1753-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயஸ் தம் தாவர நூலை வெளியிட்டபோது, உலகச் செடிகளுக்கெல்லாம் இரண்டு சொற்களால் ஆன பெயரை வகுத்தார். முதற்சொல் பேரினத்தைக் குறிக்கும். இரண்டாஞ்சொல் சிற்றினத்தைக் குறிக்கும். ஆகவே, லின்னேயஸ் நூலாக்கிய முறையைத் தமிழ்நாட்டு உழவன் நாவளவில் முன்னரே கையாண்டு வந்தான் என்று கூறுதல் மிகையாகாது.

எனினும் ஒரு வேறுபாட்டை மறத்தல் ஆகாது. நாட்டு வழக்கில் ஒரே பெயர் இரண்டு செடிகளுக்கு வழங்குவதுண்டு. பென்சில் போன்ற உருண்ட கிளைகளும் முள்ளில்லாத உடலும் கொண்ட செடியை ஓரிடத்தார் திருகுகள்ளி என்பர். மூன்று விளிம்புகளோடு கயிறு முறுக்கியதுபோல் திருகி வளரும் முட்செடியை வேறோர் இடத்தார் திருகுகள்ளி என்பர். மேலும், அமெரிக்காவிலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளி உறவுமுறையில் கள்ளியே அன்று. அதனைக் கிள்ளினால் பால் வடிவதில்லை. தோற்ற ஒற்றுமை கருதியே நம்மவர் அதற்கும் கள்ளி என்று பெயரிட்டனர். வறண்ட நிலத்தில் வாழும் செடிகள், குலம் வேறாயினும், ஒரே வகை உருவத்தை அடைவது இயற்கையின் விந்தைகளுள் ஒன்று. எனவே ஒரு செடிக்கு ஒரு பெயர் என்னும் உறுதி அறிவுத்துறைக்கு இன்றியமையாதது ஆயிற்று.

நம் கள்ளிகளை மேனாட்டு அச்சில் முதன்முதல் விரிவாகக் காட்டிய நூல்களுள் தலையாயது 'ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ்' ஆகும். கொச்சியில் டச்சு ஆளுநராய் இருந்த வான் ரீட் என்பவர் தொகுத்த இந்நூல், 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாம் நகரில் வெளிவந்தது. செடிகளின் பெயரையும் பயனையும் அவருக்கு எடுத்துரைத்தவர்களுள் சேரநாட்டு ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதன் முதன்மையானவர். அந்நூலில் 'திருகள்ளி' என்ற பெயரோடு ஒரு செடியின் படம் உள்ளது. லின்னேயஸ் அப்படத்தையும் பெயரையும் எடுத்துக்கொண்டு, 1753-இல் அச்செடியை 'யூபோர்பியா திருகள்ளி' என்று பதிந்தார். நம் மண்ணின் சொல் இலத்தீன் உடை அணிந்து உலகெங்கும் சென்றது. இதில் வியப்பு யாதெனில், அச்செடியின் பிறந்தகம் ஆப்பிரிக்கா என்றே இன்றைய அறிஞர் கருதுகின்றனர். செடி ஆப்பிரிக்காவினது, பெயரோ தென்னாட்டினது.

நிற்க. மூன்று விளிம்புடன் முறுக்கிய மற்றைத் திருகுகள்ளி லின்னேயஸ் நூலில் இடம்பெறவில்லை. அது வறண்ட தென்னாட்டுக்கும் இலங்கைக்குமே உரிய புதர். அதன் கதை தரங்கம்பாடியை நோக்கி நம்மை அழைக்கிறது.

தரங்கம்பாடி, வடலூரிலிருந்து நேர்க்கோட்டில் எழுபது கிலோமீட்டருக்குள் அமைந்த கடற்கரை ஊர். 1620-ஆம் ஆண்டு முதல் அங்கே டேனியர் வாணிகம் செய்தனர். 1706-இல் சீகன்பால்கு வந்திறங்கினார். தமிழ் அச்சுக்கலை வரலாற்றில் அவ்வூர் அழியா இடம் பெற்றது. 1768-ஆம் ஆண்டு அதே ஊருக்கு யோகான் கெர்ஹார்டு கேனிக் என்னும் மருத்துவர் வந்தார். அவர் லின்னேயஸின் நேர் மாணாக்கர். ஆசிரியர் வகுத்த புதிய முறையைக் கையோடு கொண்டுவந்த அவர், அதனைத் தம் நண்பர்களுக்குக் கற்பித்தார். சமயத் தொண்டர்கள் சிலர் ஒன்றுகூடி, செடி தேடுவதை ஒரு கூட்டுப் பணியாக்கினர். கண்டெடுத்த செடியை உலர்த்தித் தாளில் ஒட்டி, ஒருவர்க்கொருவர் அனுப்பி, கலந்துபேசிப் பெயரிட்டனர். கேனிக் பின்னர் ஆர்க்காட்டு நவாபிடமும், 1778 முதல் கிழக்கிந்தியக் கம்பெனியிடமும் பணியாற்றி, 1785-இல் காக்கிநாடாவை அடுத்த ஊரில் மறைந்தார்.

அக்குழுவைச் சேர்ந்தவர் யோகான் பீட்டர் ரோட்லர். 1749-இல் ஸ்திராஸ்பூர்க் நகரில் பிறந்து, 1776-இல் தரங்கம்பாடி சேர்ந்து, பின்னர்ச் சென்னை வேப்பேரியில் வாழ்ந்து, 1836-இல் மறைந்தவர். தமிழ் கற்போர் அவரை வேறொரு வகையில் அறிவர். 1834 தொடங்கி வெளிவந்த தமிழ்–ஆங்கில அகராதியின் ஆசிரியர் அவரே. சொல்லைத் தேடிய அதே மனிதர் செடியையும் தேடினார். சொல்லுக்குப் பொருள் காண்பதும் செடிக்கு இனம் காண்பதும் அவருக்கு இரண்டு வேலைகளாகத் தோன்றியிருக்க மாட்டா. முறுக்கிய கள்ளிக்கு அவர் இட்ட பெயர் 'யூபோர்பியா டார்ட்டிலிஸ்'. 'டார்ட்டிலிஸ்' என்னும் இலத்தீன் சொல்லுக்குத் 'திருகியது' என்பதே பொருள். உழவன் கண்ட உண்மையையே தமிழறிந்த அவ்வறிஞரின் இலத்தீனும் கூறுகிறது.

ஆனால் தாளில் எழுதி வைத்த பெயர் அறிவுலகில் செல்லுபடியாவதில்லை. செடியின் இலக்கணத்தோடு அச்சேறிய பெயரே செல்லும். ரோட்லர் இட்ட பெயரைப் பிறரே தம் நூல்களில் அச்சிட்டனர். அதனால்தான் இன்றும் தாவர நூல்களில் அப்பெயரை அடுத்து, ரோட்லர் பெயரும், 'வழியாக' என்னும் பொருளுடைய ஒரு சிறு இலத்தீன் சொல்லும், அச்சிட்டவர் பெயரும் சேர்ந்து வருகின்றன. பெயரைப் படைத்தவருக்கும் வெளியிட்டவருக்கும் உரிய பங்கை ஒரு சிறு சொல்லால் பிரித்துக் காட்டும் இந்நேர்மை பாராட்டத்தக்கது.

கள்ளி போன்ற சதைப்பற்றுச் செடிகள் ஏட்டில் ஏறத் தாமதமானதற்கு வேறொரு காரணமும் உண்டு. புல்லையோ இலையையோ தாள்களுக்கு இடையே வைத்து அழுத்தினால், சில நாளில் உலர்ந்துவிடும். கள்ளித் துண்டோ எளிதில் சாவதில்லை. அழுத்திய தாளுக்குள்ளேயே வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். சில வேளை தளிர்ப்பதும் உண்டு. கொதிநீரில் தோய்த்தோ, நெடுக்கே பிளந்து சதையை நீக்கியோதான் அதனை உலர்த்த இயலும். அவ்வாறு உலர்த்தியபின் விளிம்பும் முறுக்கும் நிறமும் சிதைந்துவிடும். ஆதலால் சேகரிப்போர் பலர் அதனைத் தொடாமலே கடந்து சென்றனர். இக்குறையை நிறைவு செய்தது ஓவியக்கலை. 1819-இல் சென்னைக்கு வந்த இராபர்ட் வைட் என்னும் மருத்துவர், 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட படநூலில் 2,101 படங்கள் உள்ளன. வைட்டின் நூல்களுக்குப் படம் வரைந்தவர்களுள் தலைசிறந்தோர் ரங்கையா, கோவிந்து என்னும் நம் நாட்டு ஓவியர் இருவர். உலர்ந்த தாள் மறைத்ததை அவர்தம் தூரிகை காத்துத் தந்தது.

திருகுகள்ளிக்குத் துணையாக இன்னொரு செடியையும் ஈண்டு நினைத்தல் தகும். தரிசுகளிலும் பாறை இடுக்குகளிலும் முட்புதரின் அடியிலும் விரல் பருமனில் நாற்கோணத் தண்டாக எழும் கள்ளிமுளையானை நாட்டுப்புற மாணவர் பலர் அறிந்திருப்பர். அதன் தண்டைப் பச்சையாகவும் துவையலாகவும் உண்பது நம் வழக்கம். 1776-இல் சென்னைக்கு வந்த இராக்ஸ்பரோ, தெலுங்கு நாட்டுச் சாமர்லகோட்டையில் தோட்டம் அமைத்துச் செடிகளை ஆராய்ந்தார். 1795-இல் தொடங்கிய அவர்தம் 'சோழமண்டலக் கடற்கரைச் செடிகள்' என்னும் பெருநூலில் கள்ளிமுளையானும் இடம்பெற்றது. அவர் அதனைத் தென்னாப்பிரிக்கச் செடிகளுக்குரிய ஒரு பேரினத்தில் சேர்த்தார். தெலுங்கர் அதனைக் 'கார் அல்லம்' என்பர் என்றும் குறித்தார். 1810-ஆம் ஆண்டளவில் இராபர்ட் பிரௌன் என்னும் தாவர அறிஞர், இது தனிப் பேரினம் என்று கண்டு, அதற்குக் 'கரலுமா' என்று பெயர் சூட்டினார். அது அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது என்று சிலர் நெடுங்காலம் எழுதி வந்தனர். இராக்ஸ்பரோ குறித்த தெலுங்குச் சொல்லே அதன் வேர் என்பது இன்றைய ஆய்வாளர் கருத்து.

அப்பேரினத்தின் இந்தியச் செடிகளை முழுமையாக ஆராய்ந்த பணி சென்னை அரசாங்கக் காட்சிசாலையில் நடைபெற்றது. அக்காட்சிசாலையின் தலைவராய் இருந்த கிரேவ்லியும், அங்குத் தாவரப் பிரிவில் பணியாற்றிய மயூரநாதனும் இணைந்து, 1931-இல் ஒரு நூல் வெளியிட்டனர். அதில் தரையில் படர்ந்து வளரும் ஓர் இனத்தைப் புதியது என்று காட்டி, அப்பொருள்பட 'ப்ரொகம்பென்ஸ்' என்று பெயரிட்டனர். இராக்ஸ்பரோவின் காலத்தில் நம்மவர் பெயர் சொல்லித் தந்தவராகவும் படம் வரைந்தவராகவும் மட்டுமே நின்றனர். 1931-இல் தமிழர் ஒருவர் பெயர், இனத்தை வரையறுத்த ஆசிரியராகவே செடியின் பெயரோடு சேர்ந்தது. இடைப்பட்ட நூற்றைம்பது ஆண்டு வரலாற்றின் சாரம் இதுவே எனலாம்.

இச்செடிகள் நீரற்ற நிலத்தில் உயிர் வாழ்வது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காணும் வழியிலும் தரங்கம்பாடிக் குழுவினர் ஒருவரின் அடிச்சுவடு உள்ளது. பெஞ்சமின் ஹெய்ன் என்பவர், ரணகள்ளியின் இலையை மென்று பார்த்தார். காலையில் அது புளித்தது. நண்பகலில் சுவையற்று இருந்தது. மாலையில் சற்றே கைத்தது. இதனை அவர் எழுதிய கடிதம், இலண்டன் லின்னேயன் கழகத்தின் ஏட்டில் 1815-இல் வெளிவந்தது. அதன் பொருள் முழுதும் விளங்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. பிற செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை ஏற்கின்றன. அப்போது நீரும் ஆவியாகிப் போகிறது. சதைப்பற்றுச் செடிகள் பலவும் பகலில் கதவை அடைத்து, இரவின் குளிர்ச்சியில் திறக்கின்றன. இரவில் ஏற்ற வாயுவைப் புளிப்பு அமிலமாகச் சேமித்து, பகல் வெளிச்சம் வந்தபின் அதனைக்கொண்டு உணவு சமைக்கின்றன. காலைப் புளிப்பு அச்சேமிப்பின் அடையாளமே. மாணவர்கள் இதனை லிட்மஸ் தாளைக்கொண்டு தாமே சோதிக்கலாம். ஆனால் எந்த இலையையும் சுவைத்துப் பார்க்க வேண்டா. கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு விளையும் என்பதையும் நினைவிற் கொள்க.

வெள்ளைக் கல்லுக்கும் இவ்வாழ்வில் பங்கு உண்டு. தென்னாப்பிரிக்காவின் மேற்குப் பகுதியில், கேப் டவுன் நகருக்கு வடக்கே, 'க்னெர்ஸ்ஃப்ளாக்டே' என்னும் சமவெளி உள்ளது. அங்கே வெங்கச்சங்கற்கள் பனி பெய்ததுபோல் நிலத்தை மூடிக் கிடக்கின்றன. அக்கற்பரப்பில் விரல் நுனியளவே உயர்ந்த சதைப்பற்றுச் செடிகள் பல வாழ்கின்றன. அவற்றுட் பல உலகில் வேறெங்கும் இல்லாதவை. வெண்கல் வெயிலைத் திருப்பி அனுப்புவதால், அப்பரப்பு அருகிலுள்ள வெறும் மண்ணைக் காட்டிலும் நண்பகலில் குளிர்ந்திருக்கிறது என்று அளந்து கண்டுள்ளனர். பயனற்றது என்று கருதப்பட்ட கற்காடு 2014-இல் காப்பகமாயிற்று. அங்கு வாழ்ந்த சிறு செடிகளை ஒவ்வொன்றாக இனங்கண்டு பெயரிட்டிராவிடில், காக்கத்தக்கது அங்கே யாது உண்டு என்று எவர் எடுத்துக் கூறியிருக்க முடியும்?

பெயரிடுவது வெறும் ஏட்டுப்பணி என்று எண்ணுவோர்க்கு நம் நாட்டு நிகழ்ச்சி ஒன்றே போதிய விடையாகும். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், செஞ்சாயம் தரும் கொச்சினீல் பூச்சியை இந்தியாவில் வளர்க்கக் கம்பெனியார் பெரிதும் முயன்றனர். அதற்கு உணவாகச் சப்பாத்திக்கள்ளி வகைகள் கொண்டுவரப்பட்டன. 1795-இல் பிரேசிலிலிருந்து பூச்சியும் வந்தது. ஆனால் வந்தது உயர்ந்த சாயம் தரும் இனம் அன்று. அதனை ஒத்த வேறோர் இனம். சாயத் தொழில் பொய்த்தது. எனினும், அத்தவறான பூச்சி ஒருவகைச் சப்பாத்திக்கள்ளியைத் தின்றழித்தது. அது தீண்டாத மற்றொரு வகையோ தென்மாவட்டங்களில் வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் மூடிப் படர்ந்து மக்களை வருத்தியது. 1920-களில் அவ்வகைக்கென்றே உரிய மற்றோர் இனப் பூச்சி இலங்கை வழியாகக் கொண்டுவரப்பட்ட பின்னரே அத்தொல்லை தணிந்தது. பூச்சிகள் கண்ணுக்கு ஒன்றே போல் தோன்றின, கள்ளிகளும் அவ்வாறே. ஒன்றை மற்றொன்றாகக் கருதியதால் ஒரு தொழில் அழிந்தது. வேற்றுமையை அறிந்ததால் உழவர் நிலம் மீண்டது.

இன்று ஒரு புதிய இனத்தை அறிவிப்பதற்கு உறுதியான விதிகள் உள்ளன. கண்டவர் அச்செடியை முன்னர் வெளிவந்த விளக்கங்களோடும், காப்பகங்களில் உள்ள உலர்தாள்களோடும் ஒப்பிட வேண்டும். எந்த உறுப்பில் அது உறவினங்களிலிருந்து வேறுபடுகிறது என்று எழுத வேண்டும். 1958 முதல், ஓர் உலர்தாளை 'மூலமாதிரி' என்று குறித்தல் கட்டாயம். பெயரைப் பற்றி ஐயம் எழுந்தால், அத்தாளே இறுதிச் சான்று. 1935 முதல் 2011 வரை இலத்தீனில் இலக்கணம் எழுதவேண்டும் என்ற விதி இருந்தது. 2012 முதல் ஆங்கிலத்திலும் எழுதலாம். இலக்கணம் எம்மொழியில் இருப்பினும், பெயரின் இரண்டாஞ்சொல்லை எம்மொழியிலிருந்தும் எடுக்கலாம். ஆதலின் தமிழ்ச் சொல்லுக்கு அங்கே இடம் உண்டு. 'திருகள்ளி' அதற்குச் சான்று.

நம் நாட்டில் இப்பணிக்குரிய கருவூலங்களும் உள்ளன. கோயம்புத்தூரில் இந்தியத் தாவர மதிப்பாய்வகத்தின் தென்மண்டலத்தில் சென்னைத் தாவரக் காப்பகம் இருக்கிறது. 1853-இல் சென்னையில் தோன்றி 1909-இல் கோவைக்கு மாறியது அது. திருச்சிராப்பள்ளியில் இராப்பினாட் தாவரக் காப்பகம் உள்ளது; அங்கிருந்து மேத்யூ அடிகளார் காவிரி வடிநிலம் சார்ந்த தமிழகச் சமவெளித் தாவரங்களைப் பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். ஆனால் ரோட்லரின் தாள்களோ கடல் கடந்து இலண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் இருக்கின்றன.

இவ்வரலாற்றில் ஒரு குறை நெஞ்சை உறுத்துகிறது. ரோட்லரின் பெயர் நிலைத்தது. வைட்டின் பெயர் நிலைத்தது. ரங்கையாவின் பெயரும் ஒருவாறு தப்பியது. வெயிலில் வழிகாட்டி நடந்து, முள்ளை விலக்கி, 'இது திருகுகள்ளி' என்று சுட்டிக்காட்டிய ஆடு மேய்ப்பவனும் மூலிகை பறிப்பவளும் பெயரின்றி மறைந்தனர். அவர்கள் அறிந்த வேற்றுமை இல்லாவிடில் அறிஞர் எழுதிய வேற்றுமையும் இல்லை. இனி எழுதப்படும் நூல்களிலேனும் அவர்தம் பெயரைக் குறிப்பது நம் கடனாகும்.

இன்னொரு கடனும் உண்டு. கல்லுக்காகக் குன்று உடைகிறது. மனைக்காகத் தரிசு சமனாகிறது. நிலக்கரிக்காக மேல்மண் அகற்றப்படுகிறது. இவற்றுட் பல நாட்டுக்குத் தேவையானவையே. ஆயினும், அகற்றுமுன் அங்கே நிற்பது யாது என்று ஒருமுறை பார்த்து எழுதி வைத்தல் வேண்டும். பயனற்ற நிலம் என்று பதிவேடு கூறுவது பயிர் விளையாமையைக் குறிக்குமேயன்றி, உயிர் இல்லாமையைக் குறிக்காது.

மாணவ நண்பர்களே! விடுமுறை நாளில் உங்கள் ஊர்க் கற்காட்டுக்குச் செல்லுங்கள். கள்ளியின் விளிம்புகளை எண்ணுங்கள். அது நேராக வளர்கிறதா, திருகி வளர்கிறதா என்று நோக்குங்கள். பூக்கும் மாதத்தைக் குறியுங்கள். அவ்வூர் முதியோர் அதனை வழங்கும் பெயரைக் கேட்டு, சொன்னவர் பெயரோடு எழுதுங்கள். செடியைப் பிடுங்க வேண்டா. ஏடும் எழுதுகோலும் போதும். கேனிக்கும் ரோட்லரும் தரங்கம்பாடியில் தொடங்கிய பணி இவ்வளவே. அது இன்னும் முடிந்தபாடில்லை.